நிறுத்தொலி

திலோத்தமையின் புதிய பாட்டு அன்று காலை ஆறே காலுக்கு வெளியானது. ஒரே நேரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு அரங்குகள். ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்குக் குறையாத கூட்டம். அரங்குகளில் விளக்கு கிடையாது. ரசிகர்களில் ஒருவருக்கும் காது கிடையாது.

போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டங்களின் நடுவில் இருந்த தகரக் கொட்டகையில் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்த திரையில் நானூற்றுப் பன்னிரண்டு சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு தேனீப் பெட்டி. பெட்டிக்குள் செங்குத்தாகத் தொங்கும் தேனடையின் மேல், நெல்மணி அளவுள்ள ஒரு பொறி மெல்லிய கம்பியில் பொருத்தப்பட்டு ஆடத் தொடங்கியிருந்தது. அதற்கு நடனி என்று பெயர்.

தேனீக்கள் ஆடிப் பேசுகிறவை. பூ கண்டுவந்த தேனீ இருட்டுக்குள் அடையின்மீது இடுப்பைக் குலுக்கிக்கொண்டு நேராக ஓடும். வளைந்து திரும்பிவந்து மறுபடி ஓடும். அந்த ஓட்டம் அடையில் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறதோ, சூரியனிலிருந்து அத்தனை கோணம் விலகிப் பறக்க வேண்டும். குலுக்கல் எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ, அவ்வளவு தூரம் போக வேண்டும். மற்றவை சுற்றி நின்று கால்களாலும் உணர்கொம்புகளாலும் அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும். நடனி அந்த ஆட்டத்தை ஆடியது. ஆட்டத்தை அமைத்துக் கொடுப்பவள் திலோத்தமை. அன்றைய பாட்டு சொன்ன செய்தி இதுதான்: சூரியனுக்கு இடப்பக்கம் நாற்பது பாகை, எழுநூறு மீட்டர், ஏலப்பூ மலர்ந்திருக்கிறது, வாருங்கள்.

பதினோராவது நிமிடத்தில் முதல் பெட்டியிலிருந்து தேனீக்கள் புறப்பட்டன. மூடுபனிக்குள் பழுப்பாக ஒரு நூல் இழுபட்டது. பக்கத்துப் பெட்டியிலிருந்து இன்னொரு நூல். பிறகு எங்கிருந்தெல்லாமோ நூல்கள் வந்து சேர, எல்லாமாக ஒரு தடித்த கயிறாகி மலைச்சரிவில் இறங்கியது. திலோத்தமை ஹெட்போனைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வந்தாள். மூன்று வருடமாகப் பார்க்கிறாள். இன்னமும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அவள் கோயம்புத்தூர்க்காரி. ஜவுளிப் பொறியியல் படிக்கப் போனவள். மூன்றாம் ஆண்டுக் கல்லூரி விழாவுக்கு டிஜே வராமல் போக, சும்மா நின்றவளை மேடையில் ஏற்றிவிட்டார்கள். அதன்பிறகு அவள் வகுப்புக்குத் திரும்பவில்லை. காந்திபுரம் பேருந்து நிலையத்தில் நடத்துநர்கள் ஊதும் விசிலை வெட்டி, ஒட்டி, அடியில் கனமான தாளம் போட்டு அவள் செய்த ரீமிக்ஸ் ஆறே மாதத்தில் கோவாவுக்குப் போனது, பிறகு சியோலுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போனது. அவளும் பின்னாலேயே போனாள். பதினான்கு வருடம் மேடையிலேயே கழிந்தது.

மற்ற டிஜேக்கள் கூட்டத்தின் கைகளைப் பார்ப்பார்கள். அவள் கால்களைப் பார்த்தாள். கையைத் தூக்கச் சொன்னால் யாரும் தூக்குவார்கள். கால் அப்படி இல்லை, அதற்குப் பிடித்தால்தான் நகரும் என்பாள். பாட்டு எந்த இடத்தில் தொய்கிறது, எந்த மூலையில் ஒருவன் ஆடுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறான் என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிடும். அடுத்த நான்கு தட்டுக்குள் அவனைத் திரும்ப இழுத்துவிடுவாள்.

கோவை கொடிசியா மைதானத்தில் ஒருநாள் மதியம் ஒலிபெருக்கிகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோதுதான், பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு ஒரு மனிதர் மேடையேறி வந்தார். ஐம்பது வயது, கசங்கிய சட்டை, தோளில் மடிக்கணினிப் பை.

"மேடம், என் பேர் முபாரக் அலி. பூச்சி ஆராய்ச்சி பண்றவன். என்கிட்ட ஒரு டான்ஸர் இருக்கு. துல்லியமா ஆடுது. ஆனா கூடச் சேர ஒருத்தரும் வர மாட்டேங்கிறாங்க. உங்களுக்கு ஏதாவது தோணுதான்னு கேட்க வந்தேன்."

சிரித்துவிட்டு ஹெட்போனை வாங்கினாள். முதலில் உண்மைத் தேனீ ஆடியதன் அதிர்வு. அடுத்து அவருடைய நடனி ஆடியது. இரண்டையும் மாற்றி மாற்றி நாற்பது தடவையாவது கேட்டிருப்பாள்.

"சார், உங்க மெஷின் ஒரு தப்புகூடப் பண்ணலையே?"

"அதுக்குத்தானே ஆறு வருஷம் உழைச்சோம்."

"அங்கதான் போச்சு. இந்தப் பொண்ணு திரும்பும்போது ஒரு மயிரிழை லேட்டா திரும்புறா. மூணாவது குலுக்கல்ல அவசரப்படுறா. பூவைப் பார்த்துட்டு மூச்சு வாங்க ஓடிவந்தவ மாதிரி இருக்கு. உங்க மெஷின் பார்த்தா பூப்பக்கமே போகாத மாதிரி ஆடுது. அது பேச்சை யார் நம்புவா?"

முபாரக் அலி காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, ஹெட்போனை வாங்கி இரண்டையும் தானே மறுபடி கேட்டார்.

அடுத்த வாரம், வேளாண் பல்கலைக்கழகத்தில், கண்ணாடி போட்ட ஒரு தேனீப் பெட்டி. சிவப்பு வெளிச்சத்தில் உள்ளே பார்க்கலாம். அவள் தட்டுகளை விநாடியின் ஆயிரத்தில் நான்கு பங்கு, ஆறு பங்கு என்று நகர்த்தி வைத்த ஆட்டத்தை நடனி ஆடத் தொடங்கியது. முதலில் ஒரு தேனீ நின்றது. தலையை இந்தப் பக்கம் திருப்பியது. பிறகு ஏழு. பிறகு நடனியைச் சுற்றி ஒரு வட்டம், வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டம். எல்லாம் உணர்கொம்புகளை நீட்டி, அது திரும்பும்போதெல்லாம் கூடவே திரும்பி, காலடிக்குக் காலடி பின்தொடர்ந்தன. நான்கு நிமிடம் கழித்து, ஆட்டம் காட்டிய வயல்மூலையில், இதுவரை ஒரு தேனீயும் எட்டிப் பாராத ஒரு சூரியகாந்திப் பூவின்மீது முப்பது தேனீக்கள் வந்து இறங்கின.

முபாரக் அலி அழுதார். திலோத்தமைக்கு அழுகை வரவில்லை. மூன்று கோடி வருடமாக மனிதன் இல்லாமலே நடந்துவந்த ஒரு பேச்சுக்குள் அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அந்த வார்த்தையை அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த வருடமே மேடையை விட்டாள்.

மலைக்கு அவள் தேவைப்பட்டாள். மழை தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டு பத்து வருடமாகிவிட்டது. ஏலப்பூவுக்கு ஆயுள் ஒரே நாள். முன்பெல்லாம் காலையில் தேனீ தேடிப்போய்க் கண்டுபிடித்து வந்து சொல்ல நேரமிருந்தது. இப்போது விடிந்து மூன்று மணி நேரத்தில் மேகம் இறங்கிவிடும். தேனீ கண்டுபிடிக்கும் முன்பே பூ நனைந்து உதிர்ந்துவிடும். பூ எங்கே மலர்ந்திருக்கிறது என்பது தோட்டக்காரனுக்குத் தெரியும். தேனீயிடம் சொல்லத்தான் வழியில்லை. திலோத்தமை அந்த வழியாக வந்து சேர்ந்தாள்.

முபாரக் அலி ஒவ்வொரு பெட்டியிலும் நடனியோடு அடைச்செவி என்ற இன்னொரு கருவியையும் வைத்தார். அடை எப்படி அதிர்கிறது என்பதை அது கேட்டுச் சொல்லும். இவற்றையெல்லாம் இணைத்துத் திலோத்தமை ஒரு வலை பின்னினாள். ஏதோ ஒரு பெட்டியில் ஓர் ஆட்டம் நன்றாக எடுபட்டால், அந்த வலை அதைப் பிடித்து, ஒவ்வொரு பெட்டியின் இருப்பிடத்துக்கும் ஏற்பக் கோணத்தைத் திருத்தி, மற்ற நடனிகளுக்குத் தானாகவே அனுப்பிவிடும். கூட்டுவலை என்று பெயர் வைத்தார்கள். முதல் வருடம் நாற்பது பெட்டி. மூன்றாம் வருடம் நானூற்றுப் பன்னிரண்டு. இருபது வருடமாகக் காணாத விளைச்சல் என்று தோட்டக்காரர் சங்கத் தலைவர் கோவர்தனன் மேடைபோட்டு அவளுக்குச் சால்வை போர்த்தினார். வெண்முகில் எஸ்டேட் அவருடையது, மலையிலேயே பெரியது.

அந்த மூன்றாம் வருட ஆடி மாதத்தில்தான் அவள் முதன்முதலாக அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, நடனியின் ஆட்டத்துக்கு நடுவே சின்னதாக ஒரு 'பீப்'. குருவிக்குஞ்சின் குரல் போல, கேட்பதற்குள் முடிந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அதைக் கேட்ட இடத்திலெல்லாம் நடனியைச் சுற்றியிருந்த கூட்டம் கொஞ்சம் கலைந்தது. ஏழாம் பகுதிக்கு அனுப்பும் பாட்டில்தான் அது அதிகமாக வந்தது. அது வெண்முகில் எஸ்டேட்டின் கிழக்குச் சரிவு.

அவளுக்கு அது பழகிய காட்சி. கூட்டம் தொய்கிறது. தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறார்கள்.

அவள் மூன்று நாள் உட்கார்ந்து வேலை செய்தாள். குலுக்கலை மெல்ல மெல்ல ஏற்றி, இறுக்கி, உச்சத்தில் அரை விநாடி ஒன்றுமே இல்லாமல் நிறுத்தி, பிறகு மொத்தத்தையும் ஒரேயடியாக இறக்கினாள். மேடையில் ஐம்பதாயிரம் பேரைக் குதிக்கவைக்கும் வித்தை அது. தேனடையில் இதுவரை யாரும் செய்து பார்த்ததில்லை. பீப் சத்தம் எழும் இடங்களைக் கணித்து, அந்த இடங்களில் தாளத்தைக் கனமாக்கினாள்.

நான்காம் நாள் ஏழாம் பகுதிக்குப் போன கூட்டம் மூன்று மடங்கானது. பீப் சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் யாரும் கலையவில்லை. தன் வாழ்நாளிலேயே சிறந்த வேலை அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையும் அதுதான்.

ஆறாம் நாள் காலை சுருளிவேல் கொட்டகைக்கு வந்தான். கம்பத்துக்காரன். பெட்டிகளில் பாதிக்கு மேல் அவனுடையவை. மீதியையும் அவன்தான் பார்த்துக்கொண்டான். கையில் ஒரு முறம் வைத்திருந்தான். அதை அவள் மேசைமேல் வைத்தான். முறம் நிறையத் தேனீக்கள். எல்லாம் நாக்கை வெளியே நீட்டியபடி செத்துக் கிடந்தன.

"ஒரு பெட்டி வாசல்ல கூட்டினது மேடம். எழுவது பெட்டி வாசல்ல இப்படிக் கெடக்கு."

"என்ன ஆச்சுண்ணே?"

"மருந்துதான். நாக்கைத் தள்ளிட்டுச் செத்தா மருந்து. ஏழாம் பகுதியில இலைப்பேனுக்கு அடிச்சிருக்காங்ய. அஞ்சாறு நாளாவே அடிக்கிறாங்யளாம்." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தான். "எனக்கு ஒண்ணுதான் மேடம் புரியல. மருந்து வாசம் பட்டா எங்க தேனீ ரெண்டாம் நாளே அந்தப் பக்கம் போவாது. இது எப்படி தெனமும் போச்சு?"

திலோத்தமை திரையில் அந்தப் பதிவைத் தேடி எடுத்தாள். முபாரக் அலிக்குப் போன் போட்டாள். அந்தச் சத்தத்தை அவருக்குப் போட்டுக் காட்டினாள்.

அவர் அதை மறுபடி மறுபடி போடச் சொன்னார்.

"எத்தனை நாளா வருது இது?" என்றார் கடைசியில்.

"ஆறு நாளா. என்ன சார் அது?"

"நிறுத்தொலின்னு சொல்லுவோம். ஒரு இடத்துல ஆபத்தைப் பார்த்துட்டு வந்த தேனீ, அதே இடத்துக்குக் கூப்பிட்டு ஆடுற தேனீகிட்ட ஓடிப்போய் தலையால முட்டும். முட்டிக்கிட்டே அந்தச் சத்தம் போடும். 'நிறுத்து, அங்க கூப்பிடாதே'ன்னு அர்த்தம். நிஜத் தேனீயா இருந்தா நாலு முட்டுல ஆட்டத்தை நிறுத்திடும்."

"என் நடனி நிறுத்தலை."

"அதுக்கு நிறுத்தத் தெரியாது, திலோத்தமா. நாம சொல்லிக் கொடுக்கலை."

அவள் பதிவை மறுபடி கேட்டாள். இப்போது தெளிவாகக் கேட்டது. சாவைத் தொட்டுவிட்டு எப்படியோ வீடு வந்து சேர்ந்த ஒவ்வொரு தேனீயும் நேராக நடனியிடம் வந்து முட்டியிருக்கிறது. ஆறு நாளில் நாற்பத்தோராயிரம் முட்டு. அத்தனையையும் தாளத்தால் மூடி, அதற்கு மேலே ஏறிநின்று, வாருங்கள் வாருங்கள் என்று அவள் கூப்பிட்டிருக்கிறாள். முறத்தில் கிடந்தவை அவள் கூப்பிட்டுப் போனவை.

வெளியே வந்து, பெட்டிகளுக்கு நடுவே ஈரப்புல்லில் உட்கார்ந்து அழுதாள். சுருளிவேல் கொஞ்ச தூரம் தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

எழுந்ததும் கோவர்தனனிடம் நேரில் போய்க் கேட்டாள்.

"லேசா அடிச்சோம்மா," என்றார் அவர். "பேன் விழுந்திருக்கு. நிறுத்தினா அறுவடை போயிடும். நாலு பெட்டி செத்தா வேற நாலு பெட்டி வாங்கிக்கலாம். நீ உன் பாட்டைப் பாரு."

"பூ விட்டிருக்கிற பகுதில அடிக்க மாட்டோம்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"எழுதிக் கொடுத்தது அந்த வருஷத்து மழைக்கு. இந்த வருஷம் மழை வேற."

அவள் கொட்டகைக்குத் திரும்பினாள். பதிவிலிருந்து ஒரே ஒரு நிறுத்தொலியைத் துல்லியமாக வெட்டி எடுத்தாள். அடுத்த நாள் காலை ஆறே காலுக்கு நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளிலும் ஒரே பாட்டு ஓடியது: ஏழாம் பகுதிக்கு உரிய கோணம், உரிய தூரம், ஒவ்வொரு குலுக்கலுக்குப் பிறகும் ஒரு 'பீப்'. தாளத்தில் எந்த ஜோடனையும் இல்லை. பதினேழு வருடத்தில் அவள் செய்த பாட்டுகளில் இதைவிட எளியது கிடையாது.

ஆட்டம் நின்றது. நடனியை மட்டுமல்ல, எந்தப் பெட்டியிலாவது எந்தத் தேனீயாவது ஏழாம் பகுதியைக் காட்டி ஆடினால், மற்றவை வந்து முட்டி நிறுத்தின. ஒரு மணி நேரத்தில் கிழக்குச் சரிவு காலியானது. அவள் ஒலிப்பலகையைவிட்டுக் கையை எடுத்தாள். இனி எதையும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

ஆனால் திரையில் கட்டங்கள் மினுங்கிக்கொண்டே இருந்தன.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. ஹெட்போனை மாட்டினாள். இருபத்தாறாம் பெட்டியில் ஒரு தேனீ எட்டாம் பகுதியைக் காட்டி, கூடவே நிறுத்தொலியும் எழ, ஆடிக்கொண்டிருந்தது. கூட்டுவலை அதைப் பிடித்தது. நன்றாக எடுபட்ட ஆட்டம் என்று எண்ணி மற்றப் பெட்டிகளுக்கு அனுப்பியது. முன்னூறாம் பெட்டியிலிருந்து மறுப்பு வந்தது: அதே இடம், நிறுத்தொலி இல்லாமல். அதையும் வலை அனுப்பியது. இரண்டுக்கும் நடுவே பதினேழு பெட்டிகள் தங்கள் ஆள்களை அனுப்பிப் பார்த்துவர, கடைசியில் எட்டாம் பகுதிக்கும் நிறுத்தொலியே நிலைத்தது.

ஒரு கூட்டின் தேனீ இன்னொரு கூட்டோடு பேசியதில்லை. உலகில் தேனீ தோன்றிய நாளிலிருந்து பேசியதில்லை. வாசலில் அயல்தேனீ வந்தால் கொன்றுபோடும். இப்போது நானூற்றுப் பன்னிரண்டு கூடுகள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருந்தன. அவள் தன் பாட்டைப் பரப்புவதற்காகப் பின்னிய வலையில், அவள் பாட்டு இல்லாத இடத்தை அவை நிரப்பிக்கொண்டன.

முபாரக் அலி பேருந்து பிடித்து மதியத்துக்குள் வந்துவிட்டார். இருவரும் ஆளுக்கொரு ஹெட்போனோடு உட்கார்ந்தார்கள். அவ்வப்போது அவர் அவள் கையைத் தட்டி, "இது கேட்டியா, இது கேட்டியா" என்றார். சாயங்காலம் அவரே மெதுவாகக் கேட்டார்: "வலையை அணைச்சிடலாமா? எங்க போய் முடியும்னு தெரியலையே."

"இவங்க முட்டி முட்டிச் சொன்னப்ப நான் கேக்கலை சார். இப்பவாவது கேப்போம்."

மறுநாள் முழுக்க ஆட்டத்தின் நீளம் கூடிக்கொண்டே போனது. ஏழு விநாடி, எட்டு விநாடி. மேற்கே, ஏலத்தோட்டங்களைத் தாண்டி, காப்புக்காட்டுக்குள் இருக்கும் தூரங்கள். பூவுக்காக அவ்வளவு தூரம் தேனீ வழக்கமாகப் போவதில்லை. ஒவ்வொரு கூடும் வேறுவேறு இடத்தைக் காட்டி ஆடியது. இரண்டு கூடுகள் ஒரே இடத்தைக் காட்டினால், ஒன்றுக்கு நிறுத்தொலி விழுந்தது. அது வேறு இடத்துக்கு மாறிக்கொண்டது. அப்போதுதான் முபாரக் அலிக்கு விஷயம் பிடிபட்டது. அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

"வீடு பார்க்குறாங்க," என்றார். "பங்கு போட்டுக்கிறாங்க."

மூன்றாம் நாள் காலை மழை விட்டிருந்தது. ஒன்பது மணிக்கு முதல் பெட்டி காலியாகத் தொடங்கியது. சுருளிவேல் சத்தம் கேட்டு, தேனீக்களை அடக்கும் புகைமூட்டியோடு ஓடிவந்தவன், பாதி வழியில் அதைக் கீழே போட்டுவிட்டு நின்றுவிட்டான்.

"ஒண்ணு ரெண்டு பெட்டி ஓடும் மேடம், பார்த்திருக்கேன்... இது..." அவன் பெட்டிகளின் வரிசையைக் கையால் காட்டினான்.

நானூற்றுப் பன்னிரண்டு கூட்டங்களும் ஒன்றாக எழுந்தன. வெளிச்சம் மங்கியது. அந்த ரீங்காரம் காதால் கேட்கும் சத்தமாக இல்லை. பாதத்தில் ஏறி, முழங்காலில் ஏறி, விலா எலும்புக்குள் வந்து நின்றது. உலகத்தின் மிகப் பெரிய ஒலிபெருக்கிச் சுவர்களுக்கு முன்னால் நின்றவள் அவள். இப்படி ஓர் அடித்தாளத்தை எங்கும் உணர்ந்ததில்லை. அந்த மேகம் ஒரு நிமிடம் தலைக்கு மேல் சுழன்றது. பிறகு அதிலிருந்து கூட்டம் கூட்டமாகப் பிரிந்து, ஒன்றன் பாதையில் மற்றொன்று குறுக்கிடாமல், மேற்கே காட்டுக்குள் போனது. முபாரக் அலி இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நின்றார். திலோத்தமைக்குத் தன் வாய் திறந்திருப்பது வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

தோட்டங்களில் அன்று மட்டும் பல லட்சம் பூ மலர்ந்திருந்தது. ஒரு தேனீ இல்லை.

சங்கம் அவளை நான்கு நாள் பொறுத்தது. ஐந்தாம் நாள் கோவர்தனன் கொட்டகைக்கே வந்தார். முன்பு கண்ட அதட்டல் இல்லை.

"உன்னால கூப்பிட முடியும்ல? நீ கூப்பிட்டா வராதது உண்டா?"

"போய்க் கேட்டுப் பார்க்கிறேன்," என்றாள்.

வனத்துறை அனுமதியோடு, சுருளிவேல் வழிகாட்ட, மூன்று மணி நேரம் நடந்து, அன்றைய ஆட்டங்கள் காட்டிய இடங்களில் ஒன்றான ஒரு நாவல் மரத்தடிக்குப் போனாள். இடுப்புயரத்தில் ஒரு பொந்து. வாசலில் போக்குவரத்து. ஒரு நடனியையும் அடைச்செவியையும் கம்பியில் மாட்டி உள்ளே நுழைத்தாள். புது அடை, இன்னும் வெள்ளையாக இருந்தது. தோட்டங்களைக் காட்டும் ஆட்டத்தைப் போட்டாள். நேர்மையாகத்தான் போட்டாள், உச்சமும் இறக்கமும் வைக்கவில்லை.

கூட்டம் சேர்ந்தது. ஒரு கணம் அவளுக்கு நம்பிக்கை வந்தது. அப்போது ஒரு தேனீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நடனியின் தலையில் முட்டியது. பீப். இன்னொன்று வந்து முட்டியது. ஒரு நிமிடத்துக்குள் சுற்றி நின்ற அத்தனையும் முட்டின. ஐம்பதாயிரம் பேர் கூடிய மைதானங்களில்கூட அவளை யாரும் நிறுத்தியதில்லை.

அவள் நடனியை நிறுத்தினாள். இந்த முறை அவளுக்கு நிறுத்தத் தெரிந்தது.

கம்பியை வெளியே இழுக்கப் போனவளை ஹெட்போனில் வந்த அதிர்வு தடுத்தது. நடனியின் பக்கத்திலேயே ஒரு தேனீ ஆடிக்கொண்டிருந்தது. மற்றவை அதைப் பின்தொடர்ந்தன. அவள் சுருளிவேலிடம் காகிதம் கேட்டாள். அவன் பீடிக் கட்டின் உறையைப் பிரித்துக் கொடுத்தான். கோணம், தூரம். எழுதினாள். அது முடிய இன்னொன்று. மதியத்துக்குள் பதினோரு இடங்கள். வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது, எல்லாம் சின்னச் சின்னத் தோட்டங்கள். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர். சுருளிவேல் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டான்.

"இவங்ய எல்லாம் மருந்தடிக்க வக்கில்லாதவங்ய மேடம்."

மறுநாள் சங்கக் கட்டடத்தில் அறுபது பேர் கூடியிருந்தார்கள். அவள் அந்தப் பீடி உறையை மேசையில் வைத்துப் படித்தாள். பதினோரு பெயர்கள். பின்வரிசையில் ஒருவர் தன் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"மத்தவங்களுக்கு?" என்றார் கோவர்தனன்.

"மத்த இடங்களுக்கு நிறுத்தொலி போட்டிருக்காங்க."

"சரி, அதை மாத்திப் போடு. ரீமிக்ஸ் பண்றது தானே உன் தொழில்?"

"பண்ணலாம். ஆனா கூட்டுவலையில இருந்தப்ப அவங்க கத்துக்கிட்டது எனக்குத் தெரியும்ங்க. நான் ஒரு கூட்டுல பொய் சொன்னா, வலை இல்லாமலே அது அடுத்த கூட்டுக்குப் போயிடும். இப்ப ரெண்டு கூட்டோட எல்லையில திரியிற தேனீங்க ஒண்ணோட ஒண்ணு பூவுல சந்திச்சு ஆடுறாங்க. நேத்து பார்த்தேன்." அவள் குரல் தணிந்தது. "நாம பேசலாம். ஆனா நாம சொல்றதெல்லாம் சரியான்னு பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க."

"அப்போ நாங்க என்னதாம்மா செய்யணும்?"

"மருந்தை நிறுத்திட்டு, காத்திருக்கணும். அதைத்தான் நான் அவங்ககிட்ட சொல்லிப் பார்க்க முடியும். இங்க நிறுத்திட்டாங்க, வந்து பாருங்கன்னு."

வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலை, வெண்முகில் எஸ்டேட்டின் கிழக்குச் சரிவில் கோவர்தனன் தனியாக நின்றுகொண்டிருந்தார். மருந்து பம்புகளை எஸ்டேட் கிடங்கில் பூட்டிவிட்டிருந்தார்கள். ஏலச்செடியின் தூரில், தரையை ஒட்டி, ஊதாக் கோடு போட்ட வெள்ளைப் பூக்கள் விரிந்திருந்தன. முந்தின நாள்தான் திலோத்தமை நாவல் மரத்தடிக்குப் போய் அவருக்காக நடனியை ஆடவிட்டு வந்திருந்தாள். முட்டு விழவில்லை, ஆனால் யாரும் பின்தொடரவும் இல்லை என்று சொல்லியிருந்தாள்.

எட்டு மணிக்கு ஒரே ஒரு தேனீ வந்தது.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். தலையிலிருந்த தொப்பியை ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியாது. தேனீ ஒரு பூவில் இறங்கியது, ஏறியது. அடுத்த செடிக்குப் போனது. இலையின் அடிப்பக்கத்தில் நடந்து பார்த்தது. மண்ணில்கூட ஒரு கணம் உட்கார்ந்தது. அவர் காலுக்கு அருகிலும் ஒரு சுற்று சுற்றியது. பிறகு மேலே எழும்பி, திசை பார்த்து, மேற்கே பறந்தது.

தன்னைப் பற்றி அது அங்கே போய் என்ன சொல்லப்போகிறது என்று தெரியாமல், முன்னூறு ஏக்கருக்கு உரிமையாளரான அந்த மனிதர், அது மறைந்த திசையைப் பார்த்தபடி கையில் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார்.